கல்லுக்குள் நிறம் காட்டிய பட்டகம்

1828-இல் எடின்பரோவில் வில்லியம் நிகோல் ஒரு கால்சைட் படிகத்தைச் சாய்வாக வெட்டினார். வெட்டிய முகங்களை மெருகேற்றி, கனடா பால்சம் என்ற மரப்பிசினால் மறுபடியும் ஒட்டினார்; அதுவே நிகோல் பட்டகம். செய்தது அவ்வளவுதான். பாறையை மனிதர்கள் பார்க்கும் விதமே அதனால் மாறிப்போனது.

ஐஸ்லாந்தில் கிடைக்கும் தெளிவான கால்சைட்டை எழுத்தின் மேல் வைத்தால், ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். எராஸ்மஸ் பார்த்தோலின் 1669-லேயே இதை எழுதிவைத்தார். எல்லாத் திசைகளிலும் அதிரும் சாதாரண ஒளி, இந்தப் படிகத்துக்குள் இரண்டு கதிர்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் ஒரே தளத்தில் மட்டும் அதிர்கிறது. இதைத்தான் தளவிளைவு என்கிறார்கள். இரண்டில் ஒன்றை எப்படி விலக்குவது? அங்கேதான் பிசினின் வேலை. ஒரு கதிருக்குக் கால்சைட்டின் ஒளிவிலகல் எண் 1.66, பிசினுடையது 1.55. அதனால் அந்தக் கதிர் பிசினில் பட்டு முழுமையாக எதிரொளித்து, பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். மற்றது ஊடுருவிப் போகும். எத்தனை எளிமையான தீர்வு!

நுண்ணோக்கியின் மேடைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்றாக இரண்டு நிகோல் பட்டகங்களைக் குறுக்காக வைத்தால் பார்வையில் ஒரே இருட்டு. நடுவே கண்ணாடித் துண்டை வைத்தாலும் இருட்டு விலகாது. ஆனால் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த பாறைச் சீவலை வைத்தால் கதையே வேறு. குவார்ட்ஸ் சாம்பல் நிறத்தில் எழும். ஆலிவின் நீலமும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒளிரும். பிளாஜியோகிளேஸில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தெரியும். மேடையை ஒரு முழுச் சுற்று திருப்பினால், ஒவ்வொரு கனிம மணியும் நான்கு முறை அணைந்து எரியும். கார்னெட் மட்டும் கடைசிவரை இருண்டே கிடக்கும். கனிமத்தை அடையாளம் காண இதைவிட அழகான வழி இல்லை.

1850-களில் ஷெஃபீல்டின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி இந்த முறையைப் பாறைகளுக்குக் கொண்டுவந்தபோது, மலையை நுண்ணோக்கியில் பார்ப்பதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. சில பத்தாண்டுகளிலேயே அது புவியியலின் அன்றாடக் கருவியானது.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது கையில் ஒரு நிகோல் பட்டகம் வைத்திருந்தார். அதன் வழியே பார்த்துக் கடற்பரப்பில் எதிரொளித்த வானத்தின் ஒளியை விலக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அந்த நீலம் வானத்தின் எதிரொளிப்பு மட்டுமல்ல, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவர் வாதிட அந்தச் சோதனை துணைநின்றது.

மருத்துவமும் இந்தத் தளவிளைவு நுண்ணோக்கியின் வழிக்கு வந்தது. மூட்டு நீரில் ஊசி ஊசியாக மின்னும் யூரேட் படிகங்களைக் கண்டு கௌட் நோயை உறுதிசெய்யும் முறை 1961-இல் வெளியானது.

இன்றைய நுண்ணோக்கிகளில் எட்வின் லேண்ட் உருவாக்கிய போலராய்டு வகைத் தகடுகளே இருக்கின்றன. விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் லேசர் ஆய்வகங்களில் கால்சைட் பட்டகங்கள் இன்றும் வேலை செய்கின்றன.