மோகனாம்பாளை மீண்டும் கண்டபோது

பிரியமான ஒரு படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பப் பார்த்தால், முடிவு முன்னமே தெரிந்திருப்பதால் ரசம் குறைந்துபோகும் என்று அஞ்சுவோர் உண்டு. என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. முதல் முறை பார்க்கையில், அடுத்து என்ன நேருமோ என்ற ஆவல் நம் கண்ணையும் கருத்தையும் கதாநாயகன் மேலும் கதாநாயகி மேலும் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்த ஆவல் அடங்கிய பிறகுதான், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் யார், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் முகத்தில் என்ன ஓடுகிறது, இவர்களுக்கெல்லாம் சோறு எங்கிருந்து வருகிறது என்பனவற்றைச் சாவகாசமாகக் கவனிக்க நமக்கு வாய்க்கிறது. அப்படி உற்றுப் பார்ப்பதற்கு ஈடுகொடுக்கும் படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றாக நான் மதிப்பது 1968 ஜூலை மாதத்தில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்'.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதி, கோபுலுவின் சித்திரங்களோடு வாரந்தோறும் வீடுகளில் வாசிக்கப்பட்ட அந்தத் தொடர்கதையை, ஏ. பி. நாகராஜன் தாமே தயாரித்து இயக்கித் திரைக்குக் கொண்டுவந்தார். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும் மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தார்கள், இசை கே. வி. மகாதேவன். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

இளம் பிராயத்தில் நான் பார்த்தது ஒரு காதல் கதை. கர்வம் மிகுந்த நாதஸ்வர வித்வானும், அவனுக்குச் சளைக்காத நர்த்தகியும் தங்கள் வித்தையையே ஆயுதமாகக் கொண்டு மோதி, அந்த மோதலிலேயே ஒருவர்பால் ஒருவர் மனத்தைப் பறிகொடுக்கும் கதை. இரு கோஷ்டியாரும் ஒரே ரயிலில் பிரயாணம் செய்ய, தாயாரின் காவலையும் மீறிக் கண்களாலேயே அவ்விருவரும் பேசிக்கொள்ளும் காட்சியும், காயம்பட்ட அவன் கையைப் பற்றி அவள் பாட்டினாலும் அபிநயத்தாலும் சபை நடுவே நலம் விசாரிக்கும் காட்சியும் எத்தனை காலம் நெஞ்சில் நின்றன! அவை இன்றும் அப்படியே இருக்கின்றன. படம் வெளியானபோது சிவாஜிக்கு 39 வயது, பத்மினிக்கு 36 வயது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்தக் காதலில் அவசரமில்லாத ஒரு நிதானம் எங்கிருந்து வந்தது என்பதுகூட இப்போது விளங்குகிறது.

ஆனால் மறுமுறை பார்த்தபோது என் கண் அவர்களைவிட அதிகமாகத் தங்கியது அந்தக் கோஷ்டியின் மேல்தான். தவில் வித்வான் முத்துராக்காக வரும் டி. எஸ். பாலையாவைப் பாருங்கள். சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவான். அது நாயகனுக்கு அழகு. அவன் எழுந்துவிட்டால் அன்றைய சம்பாவனை என்னவாகும், அடுத்த ஊரார் அழைப்பார்களா, கூட வந்தவர்கள் வயிற்றுப்பாடு எப்படி என்ற கவலை முழுவதையும் சுமப்பவர் தவில்காரர். நாயகனைத் தட்டிக்கொடுத்தும், சமயத்தில் அதட்டியும், தம் கவலையை ஒரு வேடிக்கைப் பேச்சில் மறைத்தும் பாலையா அந்தச் சுமையைத் தூக்கிச் செல்லும் விதத்தை, அன்று வெறும் நகைச்சுவை என்று சிரித்து விட்டுவிட்டோம்.

இந்த உண்மை படத்தில் எப்படி இறங்கிற்று என்று யோசித்தால், அதை எடுத்தவர்களின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. நாகராஜன் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையில் இளமையிலேயே பயின்றவர். சிவாஜியும் பாலையாவும் மனோரமாவும் நாடகக் குழுக்களோடு ஊர் ஊராய்ப் போய் வளர்ந்தவர்கள். ஆகவே, மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறுவதும், போன இடத்தில் தங்க இடம் தேடுவதும், பெரிய மனிதர் ஒருவரின் முகக்குறிப்புக்காகக் காத்திருப்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயங்களாக இருக்கவில்லை. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி, இப்படிப்பட்ட நாதம் இந்த ஒரு நாயனத்தில்தான் வருமா, அல்லது எல்லா நாயனத்திலுமே வருமா என்று வெள்ளை மனத்தோடு கேட்கிறாளே, அந்தக் கேள்வியில் அரங்கமே சிரிக்கும். சாஸ்திரோக்தமான சங்கீதத்துக்கு வெளியே நின்று, தான் நிற்பது கீழ்ப்படி என்று உலகம் சொன்னதை ஏற்றுக்கொண்ட ஒரு கலைஞி, மேலான ஒன்றைக் கேட்டுப் பொறாமையின்றி உருகுகிறாள் என்பது எனக்கு இந்த முறைதான் தைத்தது.

நாதஸ்வரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரையில் சிவாஜியும் ஏ. வி. எம். ராஜனும் பிடித்திருக்கும் வாத்தியங்களிலிருந்து நாம் கேட்கும் நாதம் மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆச்சா மரத்தில் கடைந்த உளவும், கீழே விரியும் அணைசும், நாணலில் செய்து வாயில் பொருத்தும் சீவாளியும் கொண்ட அந்த வாத்தியத்துக்கு உயிர் கொடுப்பது வாசிப்பவரின் மூச்சு. அந்த மூச்சு கன்னத்திலும் கழுத்து நரம்பிலும் கண்ணிலும் தெரியும். ஒலி வேறிடத்திலிருந்து வருகிறது என்பதை நாம் அறிந்திருந்தும், சிவாஜியின் கன்னமும் விரல்களும் ஒரு கணமும் அதை நினைவூட்டாதபடி ஒத்திசைகின்றன. நடிப்பு என்பது பிறர் உழைப்பின் மேல் செலுத்தும் மரியாதையாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் நான் அறியேன்.

மிக அதிகமாக என்னுள் மாறியிருந்தது மோகனாவின் தாய் வடிவாம்பாளைப் பற்றிய எண்ணந்தான். சி. கே. சரஸ்வதி ஏற்ற அந்தப் பாத்திரத்தை அன்று நாங்கள் எல்லோரும் வெறுத்தோம். மகளைப் பணக்காரன் ஒருவன் நிழலில் சேர்த்துவிடத் துடிக்கும் அவளுடைய பேராசை மாத்திரமே கண்ணுக்குத் தெரிந்தது. கோயிலையும் ஜமீனையும் அண்டி வாழ்ந்த நர்த்தன மரபில் பிறந்த பெண் அவள். சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. சுப்புவின் தொடர்கதையோ 1950-களின் பிற்பகுதியில் வந்தது. அந்த மரபில் இருந்த கொடுமை ஒழிய வேண்டியதே. ஆயினும், பழைய ஆதரவு போய், புதிய ஆதரவு எதுவென்று புலப்படாத இடைக்காலத்தில், ஆடத் தெரிந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு நாளையை நினைத்து நடுங்கும் தாய் ஒருத்தி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் காப்புத் தேடுகிறாள். அந்த நடுக்கத்தைத்தான் நாகேஷின் சவடால் வைத்தி முதலாக்கிக் காசு பார்க்கிறான். நாகேஷ் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பதால், அவன் செய்வது எவ்வளவு இழிந்த தரகு என்பது உடனே உறைப்பதில்லை.

மோகனாவின் மேல் சண்முகசுந்தரம் கொள்ளும் சந்தேகத்தை மட்டும் என்னால் இனி ரசிக்க முடியவில்லை. இளமையில் கம்பீரமாகத் தோன்றிய அந்தச் சீற்றம், எந்தக் குற்றமும் செய்யாத ஒருத்தியைத் திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொல்லும் கொடுமையாகவே இப்போது படுகிறது. கதையில் வரும் மதன்பூர் அரண்மனைப் பகுதி சற்று நீண்டுவிட்டது என்பதும் உண்மை. எனினும் திருவாரூர்ப் போட்டியின்போது, நாயனமும் தவிலும் சதங்கையும் ஒன்றையொன்று துரத்தி, எது முந்துகிறது என்று அறிய முடியாமல் சபை திகைக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்கு முன்னால் இக்குறைகள் பெரிதல்ல.

நாகராஜன் எடுத்த படங்களில் 'திருவிளையாட'லுக்கே ஜனங்கள் முதலிடம் கொடுக்கிறார்கள். எனக்கு 'தில்லானா மோகனாம்பா'ளே முதலாவது. முன்பு எப்போதோ பார்த்தவர்கள், தனித்தனிக் காட்சிகளாகத் துண்டு துண்டாகப் பார்ப்பதை விட்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஒதுக்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் மறுபடி பாருங்கள். நாயகன் வாசிக்கும்போது தவில்காரர் முகத்தையும் தவறாமல் கவனியுங்கள்.