61 வாக்குகளுக்குள் மூவர்

1945 தேர்தலில் பிரிட்டன் எங்கும் தொழிற்கட்சி அலை. ஸ்காட்லாந்தின் வடகோடியில், கேத்னஸ்-சதர்லாந்து தொகுதியில் மட்டும் யாருக்கும் அலை வீசவில்லை. யூனியனிஸ்ட் கட்சியின் எரிக் காண்டர் டவர் 5,564, தொழிற்கட்சி வேட்பாளர் 5,558, லிபரல் கட்சித் தலைவர் ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் 5,503. சர்ச்சிலின் போர்க்கால அரசில் விமானத்துறை அமைச்சராக இருந்தவரை, 61 வாக்குகள் மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டன. ஜெயித்தவர் அபர்டீனிலிருந்து வடக்குத் தீவுகளுக்கு விமானம் விட்டுக்கொண்டிருந்தவர்.

இந்த மண்ணில் ஒரு வாக்கு இவ்வளவு கனம் பெற்றதற்குப் பின்னால் நெடிய கதை உண்டு. 1832 வரை கேத்னஸ் ஒவ்வொரு நாடாளுமன்றத்துக்கும் உறுப்பினரை அனுப்ப முடியாது. ஒருமுறை கேத்னஸ், மறுமுறை தென்மேற்கே எங்கோ இருக்கும் பியூட் தீவு என்று முறைவைத்திருந்தார்கள். சதர்லாந்திலோ நிலப்பிரபுவின் குடும்பம் கைகாட்டியவரே உறுப்பினர். அதே குடும்பம்தான் 1810-களில் ஆட்டுப் பட்டிகளுக்காக ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் குடிகளை வெளியேற்றியது. 1884 சட்டம் சிறுகுத்தகைக் குடியானவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1886-ல் அவர்களில் ஒருவரின் மகன் ஆங்கஸ் சதர்லாந்து நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டில்தான் குத்தகை நிலத்திலிருந்து அவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற சட்டமும் வந்தது. என்னைக் கேட்டால், இந்தத் தொகுதியின் உண்மையான தொடக்கம் 1886.

1918-ல் இரண்டு மாவட்டங்களும் ஒரே தொகுதியாயின. 1950-களில் டூன்ரே அணு உலை எழுந்தது. அருகிலிருந்த தர்சோ நகரின் மக்கள்தொகை மும்மடங்கானது. தெற்கிலிருந்து வந்த ஊழியர்களை உள்ளூரார் ‘அட்டாமிக்ஸ்’ என்றார்கள். அரசியலும் மாறியது: 1966-ல் தொழிற்கட்சியின் ராபர்ட் மெக்லெனன் 64 வாக்கில் வென்றார். பின்னர் அவர் சமூக ஜனநாயகக் கட்சிக்கும், அங்கிருந்து லிபரல் ஜனநாயகக் கட்சிக்கும் போனார். மக்கள் அவரை விடவே இல்லை. 1997-ல் தொகுதி கலையும் வரை அவரே உறுப்பினர்.

அன்று சுமார் 31,000 வாக்காளர்கள். அந்தத் தொகை போதாதென்று ஈஸ்டர் ராஸைச் சேர்த்துப் புதிய தொகுதி அமைத்தார்கள். 2001-ல் அங்கே வென்ற ஜான் தர்சோ, சின்க்ளேரின் பேரன். நூலிழை வெற்றிகளும் தொடர்ந்தன: 2019-ல் ஜேமி ஸ்டோன் வென்ற வித்தியாசம் 204 வாக்குகள். பிறகு வந்த மறுவரையறை, ஒரு தொகுதிக்குக் குறைந்தது 69,724 வாக்காளர் வேண்டும் என்றது. 2024 தேர்தலில் எல்லை இன்வர்னஸை நெருங்கித் தெற்கே இறங்கிவிட்டது.

வடக்கே கடலுக்கு அப்பால் ஆர்க்னி-ஷெட்லாந்து தீவுகளுக்கு அந்த எண்ணிக்கை விதியிலிருந்து விலக்கு உண்டு. கடல் பிரிக்கிறது என்பது காரணம். தர்சோவிலிருந்து இன்வர்னஸுக்கு ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம். கடலுக்குக் கிடைத்த விலக்கு இந்தத் தரைவழித் தூரத்துக்குக் கிடைக்காதது அநியாயம்.