உடலை விட்டுப் பிரிந்த குரல்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் 1931 அக்டோபர் 31-ஆம் நாளைத் தவறாமல் மைல்கல்லாகக் குறிப்பர். சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் எச்.எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டு, அதுவரை ஊமைப்படமாக இருந்தது அன்றுதான் தமிழில் பேசவும் பாடவும் தொடங்கியது. அந்தப் படத்தில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். கதைக்குத் தொடர்பே இல்லாத தேசபக்திப் பாடல்களும் இடையிடையே வந்தன. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் நிறுவனம் அவசரமாக எடுத்து முடித்த இப்படத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வரவில்லை. திரையிலிருந்து ஒலி வந்ததே போதுமானதாக இருந்தது. ஆனால் கேளிக்கைக் கலையின் இயல்பையே மாற்றிய திருப்பம் எது என்று பார்த்தால், தேங்காய் உடைத்துக் கொண்டாடப்பட்ட இந்த நாளைவிட, அடுத்த இருபதாண்டுகளில் சந்தடியின்றி நிகழ்ந்த வேறொரு மாற்றமே அந்தப் பெயருக்குப் பொருத்தமானது. பாடுகிறவரும் நடிக்கிறவரும் ஒருவரே என்ற நிலை மாறி, ஒருவர் குரலுக்கு இன்னொருவர் வாயசைக்கும் முறை வேரூன்றியதே அது.

இதன் அளவை உணர, பேசும்படத்துக்கு முந்தைய நாடக மேடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த இசைநாடக மரபில், கதைநாயகனாகிய ராஜபார்ட்டும் நாயகியாகிய ஸ்திரீபார்ட்டும் முதலில் பாடகர்கள், அதன் பிறகே நடிகர்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளிக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டியாக வேண்டியிருந்ததால், ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு கணக்கிடப்படும் சுருதியில் மிக உயர்ந்த நிலையில் பாட வல்லவரே மேடையை ஆண்டார். ராஜபார்ட் நடிகர் திரைக்குப் பின்னால் நின்றே பாடத் தொடங்குவார். முகம் தெரியும் முன்பே குரலைக் கொண்டு அவரை அடையாளம் கண்டு அவை ஆர்ப்பரிக்கும். பாட்டின் நடுவே அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி இடைவெளியை நிரப்புவார். ‘ஒன்ஸ்மோர்’ என்ற கூச்சல் எழுந்தால், இறந்து கிடக்கும் பாத்திரமும் எழுந்து அதே பாட்டை மறுபடி பாடிவிட்டு மீண்டும் இறக்க நேர்ந்த கதைகள் நாடக உலகில் ஏராளம். எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் முழுவதும் இந்த மேடையில்தான் விளைந்தது. படம் எதிலும் நடிக்காமலே அவர் 1933-இல் இளம் வயதில் மறைந்தார்.

பேசும்படம் இந்த மரபை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 1934-இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் வெளிவந்த ‘பவளக்கொடி’ மேடையில் புகழ்பெற்ற நாடகமே. அதில் நாயகனாக அறிமுகமான எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடைப் பாடகரே. படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள். படப்பிடிப்பின்போதே பாடலும் பதிவானதால், நடிகர் கேமராவின் முன் நின்று உண்மையாகவே பாட, பக்கவாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே, மரத்தின் மறைவிலோ அரங்க அமைப்பின் பின்னாலோ அமர்ந்து வாசித்தனர். ஒலிவாங்கியை விட்டு நடிகர் விலக முடியாது. தலையைத் திருப்பினால் குரல் தேய்ந்துவிடும். ஒருவர் சுருதி தவறினாலும் முழுக் காட்சியையும் மீண்டும் எடுக்க வேண்டும். அக்காலப் படங்களில் பாடுவோர் சிலைபோல நிற்பதைக் கண்டு இன்றைய பார்வையாளர் நகைப்பதுண்டு. அது நடிப்புத் திறனின் குறை என்பதைவிடக் கருவியின் கட்டாயம் என்பதே நியாயம்.

இந்தக் கட்டிலிருந்து விடுபடும் வழியை 1935-இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் நிதின் போஸ் இயக்கிய படத்தில் கையாண்டது. பாடலை முதலில் தனியே பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்புத் தளத்தில் அதனை ஒலிக்கவிட்டு, நடிகர் அதற்கேற்ப உதடசைப்பதைப் படமாக்கி, பின்னர் இரண்டையும் பொருத்துவதே பின்னணிப் பாடல் எனப்படும் முறை. தமிழில் இதனைத் தொடக்கத்தில் முயன்றவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1938-இல் வெளிவந்த அவரது ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனின் குரல் நடிகை ஒருவருக்குப் பின்னணியாகப் பயன்படுத்தப்பட்டது. 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் அவர் இன்னும் துணிந்தார். நாயகி ருக்மணி சொந்தக் குரலில் பாடி நடித்திருந்த பாடல்கள் நாயகன் டி.ஆர். மகாலிங்கத்தின் கணீரென்ற குரலுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று கண்டதும், படமாகிவிட்ட உதடசைவுக்குப் பொருந்துமாறு பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒலியை மாற்றினார். குரலுக்கு உதடு அசைவது பின்னணிப் பாடலின் வழக்கமான முறை. இங்கே உதட்டுக்குக் குரல் அசைந்தது. கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழில் மொழிமாற்றிய அனுபவம் அதற்குச் சற்று முன்புதான் அவருக்குக் கிடைத்திருந்தது.

இம்முறை நிலைபெற்றதும் பாடத் தெரியாதவரும் நாயகராகலாம் என்றாயிற்று. 1952-இல் ‘பராசக்தி’யின் மூலம் அறிமுகமான சிவாஜி கணேசன், கருணாநிதியின் நீண்ட வசனங்களை ஏற்ற இறக்கத்தோடு பேசியே மக்களைக் கவர்ந்தார், அவருக்காகப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். பத்தாண்டுகளுக்கு முன்பு இத்தகைய நடிகர் நாயகனாக அமைவது அரிது. 1944 தீபாவளிக்கு வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் நாயகரான பாகவதர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947-இல் விடுதலையான பிறகு எடுபடாமல் போனதற்குச் சிறைவாசத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது முழு விளக்கமாகாது. அவர் திரும்பி வந்தபோது, பாட்டுக்காக நடிகரைத் தேடிய காலம் முடிந்து, நடிகருக்காகக் குரலைத் தேடும் காலம் தொடங்கியிருந்தது.

அந்தத் தேடலின் விடையாக அமைந்தவர் டி.எம். சௌந்தரராஜன். பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடி 1950-இல் திரைக்கு வந்த இவர், 1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். குரல் ஒன்றே ஆயினும், சிவாஜிக்கு நெஞ்சு நிறைந்த கனத்தோடும் எம்.ஜி.ஆருக்கு எடுப்பான மிடுக்கோடும் உச்சரிப்பையும் அழுத்தத்தையும் மாற்றிப் பாடியதால், பாடல் வானொலியில் மட்டும் ஒலித்தபோதும் எந்த நடிகருக்கு உரியது என்று கேட்போர் சொல்ல முடிந்தது. ஒலிவாங்கிக்கு அருகே நின்று பாடும் வசதி ஏற்பட்டபின் உச்சஸ்தாயியில் முழங்க வேண்டிய தேவையும் நீங்கிற்று. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் போன்றோரின் மென்மையான குரல்கள் பழைய கொட்டகையில் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. பி. பானுமதியும் ஜே.பி. சந்திரபாபுவும் தங்கள் பாடல்களைத் தாங்களே பாடிவந்தது விதிவிலக்காயிற்று.

பழைய மரபும் புதிய முறையும் ஒரே படத்தில் எதிரெதிரே நின்றதைக் காண விரும்புவோர் 1965-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ படத்தைப் பார்க்கலாம். பாண்டிய நாட்டையே இசைக்கு அடிமையாக்க வரும் ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா நடிக்கிறார். தொடையில் தாளம் தட்டி, கழுத்தை வெட்டி, சீடர்களை ஏறிட்டுப் பார்த்து அவர் காட்டும் வித்துவச் செருக்கு முழுக்க அவருடையது; அரசவையில் எழும் குரலோ கர்நாடக இசை மேதை எம். பாலமுரளிகிருஷ்ணாவினுடையது. ஹேமநாதரை எதிர்கொள்ள அஞ்சிக் கோயிலில் முறையிடும் பாணபத்திரராக வருபவர் டி.ஆர். மகாலிங்கம், ‘நந்தகுமார்’ காலத்திலிருந்து சொந்தக் குரலில் பாடிவந்த அவர் இங்கும் தாமே பாடுகிறார். ஔவையாராக வரும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படியே. முறையீட்டுக்கு இரங்கி விறகு விற்பவராக வந்து பாடி ஹேமநாதரை ஊரைவிட்டே ஓடச்செய்யும் சிவபெருமானோ சிவாஜி கணேசன். அவருக்குக் குரல் சௌந்தரராஜன். ஆக, இசைப் போட்டியை மையமாகக் கொண்ட கதையில் போட்டியிடும் இருவரும் இரவல் குரலில் பாட, உண்மையில் பாடத் தெரிந்த நடிகர் போட்டிக்கு அஞ்சித் துணை வேண்டி நிற்கிறார். இந்த முரண் அன்று எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை; படம் சென்னையில் 25 வாரங்களைக் கடந்து ஓடி வெள்ளிவிழாக் கண்டது.