சிறுநீரில் ரத்தமா? "சூடு" என்று சும்மா இருக்காதீர்கள்!
ஒரே பெயர் கொண்ட நோய். ரகத்துக்கு ஒரு தலைவிதி

வலி இல்லை. எரிச்சல் இல்லை. ஆனால் சிறுநீர் மட்டும் சிவப்பாகப் போகிறது. மறுநாள் பார்த்தால் சரியாகி விடுகிறது.

"வெயில்ல அலைஞ்சது, சூடு புடிச்சிருக்கு. ரெண்டு இளநீர் குடிச்சா சரியாப் போயிடும்" என்று பலர் இருந்து விடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து பதுங்கி இருக்கிறது! சிறுநீர்ப்பை புற்றுநோய் பெரும்பாலும் இப்படி வலி இல்லாமல்தான் தலைகாட்டும். ரத்தம் ஒரு நாள் வரும். அப்புறம் வாரக்கணக்கில் நின்றும் போகும். ரத்தம் நின்றதால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல.

அதற்காகப் பதறவும் வேண்டாம். கல், கிருமித் தொற்று, புராஸ்டேட் வீக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இளநீர் சொல்லாது.

4 ரகம்

இந்த நோயில் முக்கியமாக 4 ரகம் உண்டு.

10 பேரில் 9 பேருக்கு வருவது, பையின் உள் தோலில் தொடங்கும் "யூரோதீலியல்" ரகம். சீக்கிரம் பிடித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உள்ள ரகமும் இதுவே.

இரண்டாவது "ஸ்குவாமஸ்". பையில் கல், தீராத தொற்று, ஆண்டுக்கணக்கில் ரப்பர் குழாய் என்று பை புண்பட்டுக் கொண்டே இருந்தால் இது வரலாம். எகிப்து நாட்டில் ஒரு காலத்தில் இந்த ரகம்தான் அதிகம். அங்கே வாய்க்கால் தண்ணீரில் வாழும் நத்தையில் இருந்து வெளிப்படும் ஒரு புழு, விவசாயிகளின் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதன் முட்டைகள் பையில் தங்கிப் புண்ணாக்கும். இந்தப் புழுவை 1851ல் கெய்ரோவில் கண்டுபிடித்தவர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர். மாத்திரை கொடுத்துப் புழுவை அடக்கிய பிறகு அங்கே இந்த ரகம் குறைந்து விட்டது.

மூன்றாவது "அடினோ" ரகம். 100ல் ஓரிருவருக்கே வரும். நான்காவது "ஸ்மால் செல்". 100ல் ஒருவருக்குக் கூட வராது. ஆனால் வேகத்தில் பயங்கரம்! பையில் கண்டுபிடிக்கும்போதே பலருக்கு வேறு உறுப்புக்கும் பரவி இருக்கும்.

கடைசி மூன்று ரகங்களும் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிய வருவதால், பிழைப்பவர்கள் குறைவு.

தசையைத் தொட்டால்...

ரகத்தைப் போலவே இன்னொன்றும் முக்கியம். நோய் எவ்வளவு ஆழம் இறங்கி இருக்கிறது என்பதே அது.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கு இது: உள் தோலோடு நின்றால், 5 ஆண்டு தாண்டி வாழ்பவர்கள் 100க்கு சுமார் 97 பேர். சுவருக்குள் இறங்கியும் பையை விட்டு வெளியே போகாமல் இருந்தால் சுமார் 70 பேர். அக்கம்பக்கம் பரவினால் சுமார் 40. தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டால் 10 பேர் கூட இல்லை!

சாதுவும் முரடும்

யூரோதீலியல் ரகத்திலும் சாது உண்டு, முரடு உண்டு. காளான் போல் முளைக்கும் சாதுவான கட்டி, வெட்ட வெட்டத் திரும்ப வரும்; ஆனால் உயிரைப் பறிப்பது அபூர்வம். கட்டியாகத் தெரியாமல், செம்பட்டு விரித்தது போல் தட்டையாகப் படரும் ஒரு வகை உண்டு. அதுதான் முரடு. மேலாக இருக்கிறதே என்று விட்டால், தசைக்குள் இறங்கி விடும்.

துணை ஜனாதிபதிக்கே...

அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த ஹியூபர்ட் ஹம்ப்ரிக்கு 1967ல் சிறுநீரில் ரத்தம் வந்தது. டாக்டர்கள் சோதித்தும் புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறு ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் நின்று நிக்சனிடம் தோற்றார். 1976ல் அவரது பையை அகற்ற வேண்டி வந்தது. 1978 ஜனவரி 13ந் தேதி இறந்தார்.

1967ல் எடுத்துப் பத்திரப்படுத்திய சிறுநீர் மாதிரியை 1994ல் விஞ்ஞானிகள் புதிய முறையில் சோதித்தார்கள். புற்றுநோயின் அடையாளம் அன்றைக்கே அதில் இருந்தது!

பி.சி.ஜி. வைத்தியம்

குழந்தைக்குத் தோளில் போடும் அதே பி.சி.ஜி. மருந்து இந்த நோய்க்கும் உதவுகிறது என்றால் ஆச்சரியம்தானே! கனடாவில் டாக்டர் மொராலஸ் 1976ல் 9 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, குழாய் வழியாகப் பைக்குள் வாரம் ஒரு முறை வீதம் 6 வாரம் விடுகிறார்கள். தசையைத் தொடாத முரட்டு ரகத்துக்கு இன்றும் இது முக்கிய வைத்தியம்.

தசைக்குள் இறங்கி விட்டால் பையையே அகற்ற வேண்டி வரலாம். குடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீர் போக வேறு வழி செய்கிறார்கள். அதன் பிறகும் வேலைக்குப் போய் வருபவர்கள் உண்டு.

பீடி, சிகரெட் உஷார்!

பெரிய எதிரி புகைதான். புகையின் விஷம் ரத்தத்தில் கலந்து, சிறுநீராக மாறிப் பையில்தான் மணிக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. சில சாயத் தொழிலாளர்களுக்கும் ஆபத்து உண்டு. இதை ஜெர்மனியில் டாக்டர் ரேன் 1895லேயே எச்சரித்து விட்டார்.

பெண்களை விட ஆண்களுக்கே இது அதிகம். ஆனால் பெண்களுக்கு "யூரின் இன்பெக்ஷன்" என்று மாத்திரை கொடுத்தே நாள் கடத்தி விடும் அபாயம் இருக்கிறது.

கேட்க வேண்டியது

ரத்தம் ஒரே ஒரு தடவை வந்தாலும் சிறுநீர் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துக் கொள்ளுங்கள். தேவைப்பட்டால் டாக்டர் குழாய் விட்டுப் பையின் உள்ளே பார்ப்பார்.

சதைத் துண்டு எடுத்துச் சோதித்தால், ரிப்போர்ட் வந்ததும் 3 கேள்வி கேளுங்கள். "எந்த ரகம்? சாதுவா, முரடா? எடுத்த துண்டில் தசை இருந்ததா, நோய் அதைத் தொட்டிருக்கிறதா?" துண்டில் தசையே இல்லை என்றால் ஆழம் தெரியாது, மறுபடி எடுக்க வேண்டி வரும்.

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நோயாளியின் ஆயுள் கணக்கு அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.