மா என்றொரு சொல்

தேநீர் ஆறுவதற்குள் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். ஓரெழுத்துச் சொல்தான்: மா. நமக்கு அது மரம், விலங்கு, யாழ்ப்பாணத்துச் சமையலறையில் இடியப்பத்துக்குக் குழைப்பது, பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கு.

இனி வெளியே போவோம். இந்தியில் சற்று மூக்கால் சொன்னால் அம்மா. இத்தாலியில் ‘ஆனால்’. ஹங்கேரியில் ‘இன்று’. வியட்நாமில் பேய். சீனத்தில் குரலை உயரத்திலேயே நிறுத்தினால் அம்மா, தாழ்த்தி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. நாம் ‘ஆமா’வை இழுத்தால் சந்தேகம், வெட்டினால் சம்மதம், சொல் மட்டும் மாறுவதில்லை. சீனர் காதுக்கோ சொல்லே மாறிவிடுகிறது, நமக்குப் பல்லும் பாலும் வேறாக இருப்பதுபோல.

இந்தி மா, சீன மா, நம் அம்மா மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை என்று உடனே தோன்றும். அநேகமாக எல்லாருக்கும் தோன்றுவதுதான் இது. இங்கே கொஞ்சம் நின்று, ஒரு கைக்குழந்தையைக் கவனிப்போம். பால் குடிக்கையில் அதன் வாய் அடைபட்டிருக்கிறது. மூச்சு மூக்கு வழியே போகிறது. அந்த நிலையில் முனகினால் ‘ம்’தான் வரும். பசிக்கும்போதும் அதே முனகல். வாயைத் திறந்தால் ‘மா’. மொழியறிஞர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் தந்த விளக்கம் இது. பிள்ளை தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகளிலும் இது தனித்தனியாக நடந்திருக்கிறது. ஜார்ஜிய மொழியில் பாருங்கள், ‘மாமா’ என்றால் அப்பா! அம்மாவுக்கு அங்கே ‘டெடா’.

அப்படியானால் சொற்களின் உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் போதாது, வரிசையாகப் பார்க்க வேண்டும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. நம் ‘ப’ நிற்கும் இடத்தில் அங்கே ‘ஹ’ வந்துகொண்டே இருக்கிறது. காதுக்கு வேறாக ஒலித்தாலும் இவை உடன்பிறந்த சொற்கள். இப்படி ஒழுங்காக மாறுவது தற்செயலாக நேராது. ஒரே ஒரு ‘மா’ ஒத்துப்போவது நேரலாம்; மனித வாயில் எளிதாக வரும் ஒலிகள் கொஞ்சம்தானே.

நம் ‘மா’க்களுக்குள்ளேயே மரத்துக்கும் விலங்குக்கும் உறவு சொல்ல முடியாது. கணக்கு மாவுக்கும் நிலத்து மாவுக்கும் சொல்லலாம். மா என்பது 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயரே மாகாணி! காவிரிப் படுகையில் ஒரு வேலி நிலத்தை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மா. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி இன்றும் கணக்குச் சொல்வார்.