சிபாரிசுக்கு 'நோ' சொன்ன ஓமந்தூரார்

திண்டிவனத்துல பாண்டிச்சேரி பஸ் ஏறினா, கொஞ்ச நேரத்துல ஓமந்தூர் வரும். சென்னையில 'ஓமந்தூரார்'னு சொன்னா எல்லாருக்கும் அண்ணா சாலை ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார். இன்னைக்கு அவரைப் பத்திதான் பேசப் போறோம்.

ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1895ல் ஓமந்தூரில் பிறந்த விவசாயி. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். ஆமா, பிரதமர்தான்! 1950ல் அரசியல் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பதவி 'முதலமைச்சர்' ஆச்சு. சுதந்திரம் கிடைச்ச அன்னைக்கு இங்கே அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

அதே நாளில் லண்டனில் பிரதமரா இருந்தவர் கிளெமென்ட் அட்லீ. ரெண்டு பேருமே மேடையைக் கலக்குற ஆட்கள் இல்லை. சர்ச்சில் பக்கத்துல நிறுத்தினா அட்லீ ஏதோ ஹெட் கிளார்க் மாதிரி தெரிவார். நம்ம ஆள் ரமணர், வள்ளலார் வழியில் போன எளிமையான மனுஷன். ஆனா செஞ்ச வேலையைப் பாருங்க. அட்லீ ஆட்சியில்தான் 1948ல் பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் வந்துச்சு. ஓமந்தூரார் ஆட்சியில் 1947லேயே கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தாச்சு. அதே வருஷம் வகுப்புவாரி ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிப் பங்கு கிடைச்சது. அடுத்த வருஷம் ஜமீன் ஒழிப்புச் சட்டம். இதெல்லாம் ரெண்டே வருஷத்துல!

சரி, இவ்வளவு செஞ்சவர் ஏன் நிலைக்கலை?

அவர் சிபாரிசுக்கு மசியாதவர். 'நம்ம ஆளுக்கு இந்தப் போஸ்டிங் போட்டுக் குடுங்க'ன்னு சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.வே வந்தாலும் நடக்காது. டெஸ்ட் பாஸ் ஆகாத கோடை மேனேஜரே கேட்டாலும் அப்ரூவ் பண்ணாத சீனியர் மாதிரி. ஜனங்களுக்கு அது நேர்மை. கட்சிக்காரங்களுக்கு அது பிடிவாதம். ஆதரவு கரைஞ்சுது. 1949ல் பதவி விலகினார், குமாரசாமி ராஜா வந்தார்.

அட்லீக்கும் இதே ஆபத்து வந்துச்சு. 1947 செப்டம்பரில் அவரோட அமைச்சர் கிரிப்ஸ் நேரா வந்து, 'நீங்க விலகிக்கங்க, பெவின் வரட்டும்'னு சொன்னார். அட்லீ கோபப்படலை. உடனே பெவினுக்குப் போன் போட்டு, 'உனக்கு இந்த வேலை வேணுமா?'ன்னு கேட்டார். வேண்டாம்னுட்டார் பெவின். கிரிப்ஸை வெளியே தள்ளாம, பொருளாதாரத்தைப் பார்த்துக்கிற பெரிய பொறுப்பைக் கொடுத்தார் அட்லீ. 1951 வரைக்கும் ஆட்சியில் இருந்தார்.

எனக்கு இதுல தெரியுற வித்தியாசம் ஒண்ணுதான். 'நோ' சொல்ல தைரியம் வேணும். அது ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு. அந்த 'நோ'வுக்குப் பிறகும் கூட நிக்க நாலு பேர் வேணும். அட்லீக்கு ஒரு பெவின் இருந்தார்.

அதுக்காக ஓமந்தூரார் தோத்துட்டார்னு என்னால சொல்ல முடியலை. பதவி போனதும் வடலூர் போய் ஆதரவற்ற பிள்ளைங்களுக்காக உழைச்சார். 1970ல் மறைஞ்சார். அவர் காலத்துல வந்த சட்டத்தால பல பேர் கோயில் வாசலைத் தாண்டி உள்ளே போனாங்க.

அடுத்த தடவை பாண்டி போறப்போ, ஓமந்தூர் வந்தா போனைக் கீழே வெச்சிட்டு ஒரு நிமிஷம் ஜன்னல் வழியா பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.