எஃகு முன் பம்பர் பொருத்தல்

எஃகு முன் பம்பர் பொருத்தல் என்பது, கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனங்களில், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட நெகிழி பம்பரை அகற்றிவிட்டு, எஃகுத் தகட்டாலும் குழாயாலும் செய்யப்பட்ட கனமான பம்பரை சேசிஸுடன் இணைப்பதாகும். ஆஸ்திரேலியாவில் இது "புல் பார்" என்றும், கங்காருவைக் குறிக்கும் விதமாக "ரூ பார்" என்றும் அழைக்கப்படுகிறது. வட அமெரிக்காவிலும் பிக்கப் வண்டிகளிலும் ஜீப்புகளிலும் இவ்வழக்கம் பரவலாக உள்ளது.

பம்பரைப் பொருத்துவது ஒரு நாளுக்குள் முடியும் வேலை. ஆனால் வாகனத்தின் சஸ்பென்ஷன் பழைய எடைக்கென்றே அமைக்கப்பட்டது. அதை மாற்றாமல் முன்னால் பாரத்தை மட்டும் கூட்டினால், வண்டியின் உயரம், திரும்பும் தன்மை, பிரேக் பிடிக்கும் தன்மை, டயர்த் தேய்மானம் ஆகிய அனைத்தும் மாறுகின்றன.

பயன்பாடு

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சாலைகளில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு இருப்பதுண்டு. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் கங்காருக்கள் சாலையைக் கடக்கும். வளர்ந்த ஆண் செங்கங்காரு 80 கிலோகிராமுக்கு மேலும் எடை கொண்டிருக்கக்கூடும். அது மோதினால் நெகிழி பம்பர் நொறுங்கி, அதன் பின்னாலுள்ள ரேடியேட்டரும் உடையக்கூடும். குளிர்விக்கும் நீர் வடிந்துவிட்டால் வண்டி மேற்கொண்டு ஓடாது. ஆளரவமற்ற வெப்பப் பகுதியில் வண்டி நின்றுபோவது உயிருக்கே ஆபத்தானது. ரேடியேட்டரையும் விளக்குகளையும் காப்பாற்றுவதே எஃகு பம்பரின் முதன்மை நோக்கம். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூடுதல் விளக்குகள், மீட்புக் கொக்கிகள் ஆகியவற்றுக்கும் இது தளமாகிறது.

எடை எவ்வளவு?

எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7850 கிலோகிராம். எனவே 3 மிமீ தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 23.5 கிலோகிராமும், 5 மிமீ தகடு 39 கிலோகிராமும் எடை இருக்கும். தகடு, குழாய், தாங்குசட்டம், போல்ட் எல்லாம் சேர்ந்து ஒரு பம்பர் 50 முதல் 80 கிலோகிராம் வரை எடை கொண்டிருப்பது இயல்பு. வின்ச் பொருத்தினால் மேலும் 25 முதல் 40 கிலோகிராம் கூடும். கழற்றப்படும் பழைய பம்பரின் எடையை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். வாகனம் உண்மையில் சுமப்பது இந்த நிகர எடையைத்தான்.

முன்பாரமும் நெம்புகோல் விதியும்

மாட்டுவண்டி ஓட்டுவோர் முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை நன்கு அறிவர். அச்சுக்கு முன்னால் மூட்டை கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். சுமை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். எஃகு பம்பர் முன் அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இங்கு முன் அச்சு நெம்புகோலின் சுழல்புள்ளி போலச் செயல்படுகிறது. பம்பர் முன்பக்கத்தை அழுத்தும்போது பின்பக்கம் லேசாகிறது.

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 3.085 மீட்டர். பம்பர், வின்ச் இரண்டின் நிகர எடை 95 கிலோகிராம் என்றும், அதன் எடைமையம் முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் உள்ளது என்றும் கொள்வோம்.

முன் அச்சில் கூடும் சுமை = 95 × (3.085 + 0.9) ÷ 3.085 = ஏறத்தாழ 123 கிலோகிராம்.

பின் அச்சில் குறையும் சுமை = 95 × 0.9 ÷ 3.085 = ஏறத்தாழ 28 கிலோகிராம்.

பொருத்தியது 95 கிலோகிராம். முன் அச்சு உணர்வதோ 123 கிலோகிராம். இதே 95 கிலோகிராமை இரு அச்சுகளுக்கும் நடுவில் வைத்திருந்தால் முன் அச்சுக்கு 47.5 கிலோகிராம் மட்டுமே வந்திருக்கும்.

சஸ்பென்ஷனில் ஏற்படும் விளைவுகள்

ஒவ்வொரு முன்சக்கரத்திலும் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் எனக் கொண்டால், இரு சக்கரங்களுக்கும் சேர்த்து 60 நியூட்டன். 123 கிலோகிராமின் எடை ஏறத்தாழ 1200 நியூட்டன். எனவே வண்டியின் முன்பக்கம் சுமார் 20 மிமீ தாழும். பார்வைக்கு இது சிறிய அளவுதான். ஆனால் குழியில் விழும்போது சக்கரம் மேலெழ இருந்த இடத்தில் 20 மிமீ முன்கூட்டியே செலவாகிவிட்டது. மீதி இடமும் தீர்ந்தால் சஸ்பென்ஷன் அதன் ரப்பர் தடுப்பில் இடித்து, அதிர்ச்சி நேராகச் சேசிஸுக்குப் போகும்.

முன்பக்கம் தாழ்வதால் சக்கரங்களின் கோணங்களும் மாறுகின்றன. முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷனில் சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு விரைவாகத் தேயும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் தன்மையும் குறையும்.

ஷாக் அப்சார்பரின் வேலை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. பழைய எடைக்கு அளவாக இருந்தது, புதிய எடைக்குப் போதாமல் போகலாம். அப்போது மேட்டில் ஏறி இறங்கிய வண்டி, ஒருமுறை எழுந்து அமர்வதற்குப் பதிலாக இரண்டு மூன்று முறை ஆடி ஓயும். பின் அச்சு லேசாவதால், சுமை ஏற்றாத பிக்கப் வண்டியின் பின்சக்கரங்கள் ஈரச் சாலையில் எளிதில் வழுக்கும்.

உயரம் வேறு, விறைப்பு வேறு

தாழ்ந்த முன்பக்கத்தை உயர்த்த, ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் எனப்படும் கட்டையை வைப்பது மலிவான வழி. பழைய பிக்கப் வண்டிகள் சிலவற்றில் உள்ள முறுக்குத்தண்டின் திருகை இறுக்கியும் உயரத்தைக் கூட்டுவர். இவ்விரண்டும் வண்டியை நிமிர்த்திக் காட்டும். ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டா. சக்கரம் கீழிறங்குவதற்கான இடமும் குறைந்துவிடும். கிழிந்த பையைத் தைக்காமல் தூக்கிப் பிடிப்பது போன்றது இது.

சரியான தீர்வு, எப்போதும் வண்டியில் இருக்கும் எடைக்கு ஏற்ற விறைப்புள்ள ஸ்பிரிங்கையும், அதற்கு இணையான ஷாக் அப்சார்பரையும் பொருத்துவது. ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் "பம்பர் இல்லாமல்", "பம்பருடன்", "பம்பர், வின்ச் இரண்டுடன்" என எடைக்கேற்பப் பிரித்து விற்கின்றனர். தேவைக்கு மேல் விறைப்பானதை வாங்குவதும் தவறே. அது சிறு கற்களில்கூட வண்டியைக் குதிக்கவைத்து, டயரின் பிடிப்பைக் குறைக்கும்.

இங்கு மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. விறைப்பான ஸ்பிரிங் போடுவதால் மட்டும், அந்த அச்சு தாங்கலாம் எனத் தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பு உயர்ந்துவிடாது. பேரிங்கு, பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவையே. பம்பரின் எடை, பயணிகளையும் சாமான்களையும் ஏற்ற அனுமதிக்கப்பட்ட அளவிலிருந்தே கழிகிறது.

பொருத்தும் முறை

1. வேலைக்கு முன் எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியே எடுக்க வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் கீழ்விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு சக்கரங்களிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுக்காது.

2. பேட்டரி இணைப்பை நீக்கிய பின், மூடுபனி விளக்கு, பார்க்கிங் சென்சார் ஆகியவற்றின் கம்பிகளைக் கழற்றிப் பழைய பம்பரை அகற்ற வேண்டும்.

3. தாங்குசட்டங்களைச் சேசிஸில் கையிறுக்கமாக மட்டும் பொருத்த வேண்டும். துளையிட்ட இடங்களில் துரு தடுக்கும் பூச்சு தேவை.

4. பம்பரை ஜாக்கியாலோ இருவர் மூவர் சேர்ந்தோ தூக்கி, இருபுற இடைவெளியும் சமமாக வரும்வரை நகர்த்திய பின்பே போல்ட்களை டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

5. உயரத்தை மீண்டும் அளந்து, சக்கரக் கோணங்களையும் முகப்பு விளக்கின் ஒளி விழும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். மீண்டும் எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு வரம்புக்குள் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

6. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லாப் போல்ட்களையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

வாகனத்தின் முன்பகுதி, மோதலின்போது நசுங்கி ஆற்றலை உள்வாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. காற்றுப்பை எப்போது விரிய வேண்டும் என்பதும் அந்த நசுங்கலைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. சேசிஸுடன் நேராகப் பிணைக்கப்பட்ட விறைப்பான தண்டு இக்கணக்கை மாற்றிவிடும். எனவே அந்தந்த வாகனத்துக்கெனச் சோதித்து, நசுங்கும் தாங்குசட்டத்துடன் வரும் பம்பரையே தேர்வது நல்லது.

சாலையில் நடப்பவர்களுக்கு இத்தண்டு பெரும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் இதற்கென 2002-ஆம் ஆண்டின் ஏஎஸ் 4876.1 என்ற தரநிலை உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முன்பக்கக் காப்புத் தண்டுகளுக்குத் தனி நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, வாகனங்களில் இத்தகைய தண்டுகளைப் பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மாநிலங்களை அறிவுறுத்தியது. ஆளரவமற்ற சாலையில் உயிர் காக்கும் அதே பொருள், மக்கள் நெரிசல் மிகுந்த தெருவில் உயிர் பறிக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

எடையைக் குறைக்கும் வழிகள்

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வலிமைக்காகத் தகட்டைத் தடிமனாக்கினாலும், அலுமினிய பம்பரின் எடை எஃகு பம்பரைவிடக் கணிசமாகக் குறைவு. வின்ச்சில் எஃகு வடத்துக்குப் பதிலாகச் செயற்கை இழைக் கயிற்றைச் சுற்றினால் மேலும் சில கிலோகிராம் குறையும். வின்ச் உண்மையில் தேவையா என எண்ணிப்பார்ப்பது எல்லாவற்றிலும் எளிய வழி. அச்சுக்கு முன்னால் குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமும், முன் சஸ்பென்ஷனில் ஒரு கிலோகிராமுக்கு மேலான பாரத்தைக் குறைக்கிறது.